போனை எங்க வைக்கணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். எங்க அப்பார்ட்மென்ட் லிஃப்ட் பக்கத்துல நான் டிசைன் பண்ணின ஒரு சுவரைப் பத்திப் பேசப்போறேன். அது முதல்ல நல்லா சொதப்பிச்சு. அதனாலதான் பேச விஷயம் இருக்கு.

எங்க பிளாக்ல 48 வீடு. தண்ணி லாரி எப்ப வரும், லிஃப்ட் சர்வீஸ் என்னைக்கு, பிளம்பர் நம்பர் என்ன, எல்லாம் வாட்ஸ்அப் குரூப்லதான் வரும். காலைல போட்ட தகவல் மதியத்துக்குள்ள குட்மார்னிங் படங்களுக்கு அடியில புதைஞ்சிடும். அப்புறம் எல்லாரும் போய் நிக்கிறது வாட்ச்மேன் அண்ணா முன்னாடி. "அண்ணா, லாரி வந்துச்சா?" நாள் பூரா அவருக்கு இதே கேள்வி.

அசோசியேஷன்ல கேட்டதும் நான் ஒத்துக்கிட்டேன். கட்டடத்தைக் குறுக்கா வெட்டிப் பார்த்த மாதிரி ஒரு பெரிய படம் வரைஞ்சேன். மேல டேங்க், நடுவுல வீடுகள், கீழ சம்ப், ஓரமா ஜெனரேட்டர். ஒவ்வொன்னுக்கும் பின்னாடி ஒரு என்.எஃப்.சி. டேக். டேங்க் மேல போனை வச்சா அன்றைய தண்ணி நேரம் திறக்கும். ஜெனரேட்டர் மேல வச்சா கரண்ட் கட் அறிவிப்பு.

இந்த டேக் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடறேன், பின்னாடி தேவைப்படும். ஸ்டிக்கர் மாதிரி ஒரு மெல்லிய சுருள் கம்பி, நடுவுல கடுகு மாதிரி ஒரு சிப். பேட்டரி கிடையாது. வீட்ல இன்டக்‌ஷன் அடுப்பு பார்த்திருப்பீங்க, நெருப்பே இல்லாம பாத்திரம் சூடாகும். காரணம், மாறிக்கிட்டே இருக்கிற காந்தப்புலம் பாத்திரத்துல மின்சாரத்தைத் தூண்டுது. இங்கேயும் அதே தத்துவம்தான். போன் 13.56 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குது, டேக்ல இருக்கிற சுருள் அதிலிருந்தே மின்சாரம் எடுத்து சிப்பை எழுப்புது. தூரம் அதிகபட்சம் நாலு சென்டிமீட்டர். நான் வாங்கின என்டேக் 213-ல 144 பைட்தான் இடம். படமோ வீடியோவோ வைக்க முடியாது, ஒரு லிங்க் வைக்கலாம். நாம மாத்தறது எல்லாம் அந்த லிங்க் திறக்கிற பக்கத்துலதான்.

சரி, சொதப்பலுக்கு வருவோம். முதல் வாரம் யாருமே தொடல. படத்தை நின்னு பார்த்தாங்க, செல்ஃபி எடுத்தாங்க, போயிட்டாங்க. டேக் கண்ணுக்குத் தெரியாத பொருள். க்யூஆர் கோடைப் பார்த்தா இதை ஸ்கேன் பண்ணணும்னு புரிஞ்சிடும். டேக் படத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு. போனை எங்க, எப்படி வைக்கணும்னு படம்தான் சொல்லியாகணும். நான் வரைஞ்ச படம் அழகா இருந்துச்சே தவிர, எதையும் சொல்லல.

அவசரத்துல அந்த நாலு வளைவுக் கோடு போட்ட குறியை எல்லா இடத்துலயும் ஒட்டினேன். கார்டு தட்டிப் பணம் கட்டுற மெஷின்ல இருக்குமே, அதேதான். மூணாவது மாடி மாமி நேரா வந்து கேட்டாங்க: "இதுல போனை வச்சா அக்கவுன்ட்ல இருந்து காசு போயிடுமாப்பா?" மாமி கேட்டது நியாயம். அது பணம் கட்டுறதுக்கான குறி, அதை நான் அங்க வச்சிருக்கவே கூடாது.

இன்னொரு முட்டாள்தனம், டேங்க். கட்டடத்துல டேங்க் மேலதானே இருக்கும்னு சுவர்லயும் ஆறடி உயரத்துல வரைஞ்சிருந்தேன். ஆனா எல்லாருக்கும் தினமும் வேண்டிய தகவல் அதுதான். குழந்தைகளுக்கு எட்டாது, வீல்சேர்ல வர்ற தாத்தாவுக்கும் எட்டாது. படத்தை மாத்தினேன். டேங்க்ல இருந்து நீலக் குழாய் ஒன்னு கீழே இறங்கி, ஒரு மீட்டர் உயரத்துல தண்ணிக் குழாய் முனையா முடியும். அதுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குடம். டேக் இப்போ குடத்துக்குப் பின்னாடி இருக்கு. "போனைக் குடத்துல வைங்க"ன்னு நாலு வார்த்தைக்குள்ள எழுதினேன். குடம் பெருசா இருக்கணும், ஏன்னா ஐபோன்ல ஆன்டெனா தலைமாட்டுல, நிறைய ஆண்ட்ராய்டு போன்ல முதுகு நடுவுல. எந்த இடம் பட்டாலும் வேலை செய்யணும்.

லிஃப்ட் ஸ்டீல் ஃபிரேம் மேல ஒட்டின ரெண்டு டேக் செத்த மாதிரி கிடந்துச்சு. உலோகம் அந்தக் காந்தப்புலத்தைக் குலைச்சிடும். ஃபெரைட் அடுக்கு வச்ச டேக் தனியா விக்குது, அதை வாங்கினேன்.

ஆனா எனக்குத் தூக்கம் போனது வேற ஒரு விஷயத்துல. ஒரு சாயங்காலம் குடத்துல போனை வச்சா ஒரு சினிமா காமெடி வீடியோ திறந்துச்சு. நான் டேக்கை லாக் பண்ண மறந்திருந்தேன். ஒரு இலவச ஆப் இருந்தா போதும், லாக் இல்லாத டேக்கை யார் வேணா மாத்தி எழுதலாம். பசங்க விளையாட்டு, சிரிச்சிட்டோம். அன்னைக்கு ராத்திரிதான் தோணிச்சு: மெயின்டனன்ஸ் கட்டச் சொல்லி ஒரு போலிப் பக்கத்தை எவனாவது வச்சிருந்தா? சுவர்ல என் கையெழுத்து இருக்கு, அதை நம்பி மாமி பணம் போட்டிருப்பாங்க. மறுநாளே எல்லா டேக்கையும் நிரந்தரமா லாக் பண்ணினேன். பிரிச்சு வேற டேக் ஒட்ட முடியாதபடி மேல அக்ரிலிக் ஷீட் போட்டேன். சுவர்ல எங்கேயும் பணம் கட்டுற லிங்க் கிடையாதுன்னு பெரிய எழுத்துல அச்சடிச்சேன்.

அப்புறம்தான் ஒருநாள் வாட்ச்மேன் அண்ணாகிட்ட கேட்டேன், இப்போ கேள்வி குறைஞ்சிருக்கான்னு. "குறையல தம்பி. என் போன்ல அது வரமாட்டேங்குது"ன்னார். அவர் போன்ல என்.எஃப்.சி.யே இல்ல. நம்ம ஊர்ல விலை குறைவான பல போன்ல கிடையாது. ஐபோன்லயும் 2018-ல வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர்-ல இருந்துதான் ஆப் எதுவும் இல்லாமத் தானா படிக்கும். ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ்ல ஆன் பண்ணி, ஸ்கிரீனையும் திறந்து வச்சிருக்கணும். வேலைக்கு வர்ற அக்காக்கள், டெலிவரி பசங்க, அண்ணா, இவங்க எல்லாருக்கும் அது வெறும் படம். பொது இடத்துக்குன்னு செஞ்சு, பாதிப் பேருக்குக் கதவைச் சாத்தியிருக்கேன்.

இப்போ குடத்துக்குப் பக்கத்துல சின்ன க்யூஆர் கோடு ஒன்னு இருக்கு. அதுக்கும் மேல, மரத்துல ஒரு சின்ன சட்டம். அதுல செருகிற அட்டைல நேரம் எழுதியிருக்கும். போனே வேண்டாம், நடந்து போகும்போதே தெரியும். அட்டையை மாத்தறது அண்ணா. போனை வச்சா அந்த வார அட்டவணை, லாரிக்காரர் நம்பர், புகார் எழுதற இடம் எல்லாம் வரும்.

லாரி லேட்டானா அண்ணா அட்டையை மாத்திட்டு எனக்கு போன் பண்ணுவார், நான் பக்கத்தை மாத்துவேன். சில நாள் மீட்டிங்ல மாட்டிக்கிட்டு மறந்துடுவேன். அன்னைக்கு அட்டைல இருக்கிறதுதான் சரியான நேரம். மூணாவது மாடி மாமி இப்போ ரெண்டையும் பார்த்துட்டு, நேரம் வேற வேறயா இருந்தா எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புறாங்க.