லெங்கா காட்டில் பீவர்

தென் அமெரிக்காவின் தெற்கு முனையில் இருக்கிறது தியெரா டெல் ஃபுவேகோ தீவு. 1946க்கு முன் அங்கே ஓடைகளின் கரை வரை லெங்கா மரங்கள் அடர்ந்து நின்றன. ஒட்டக இனத்தைச் சேர்ந்த குவனாக்கோக்கள் மேய்ந்தன. ஆனால் மரத்தைக் கொறித்துச் சாய்க்கும் விலங்கை அந்தக் காடு கண்டதேயில்லை.

அந்த ஆண்டு அர்ஜென்டினா அரசு கனடாவிலிருந்து 20 பீவர்களைக் கொண்டுவந்து ஃபக்னானோ ஏரிப் பக்கம் விட்டது. தோல் வியாபாரம் பெருகும் என்று எதிர்பார்த்தார்கள், பெருகவில்லை. பீவரைத் தின்னக் கரடியோ ஓநாயோ அங்கே கிடையாது. 1960களில் பீவர் கடற்கால்வாயை நீந்திக் கடந்து சிலியின் நவரினோ தீவுக்குப் போய்விட்டது. 1990களில் பெருநிலப்பரப்பிலும் கால் வைத்தது. இன்று ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்கிறார்கள்.

பீவர் வேலை செய்வதைப் பார்த்தால் மலைப்புதான் வரும். வளர்ந்த பீவர் 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். முன்பற்கள் ஆரஞ்சு நிறம். பல்லின் முன்பக்கத்தில் இரும்பு கலந்திருக்கிறது. பின்பக்கம் சீக்கிரம் தேய்வதால் கடிக்கக் கடிக்க உளிபோல் கூர்மை ஏறும். சாய்த்த மரத்தைத் துண்டு துண்டாக இழுத்துவந்து, சேறும் கல்லும் சேர்த்து ஓடையை மறிக்கும். தேங்கிய நீரில் வீடு கட்டும், வாசல் தண்ணீருக்கடியில்.

கனடாவில் இதே அணைதான் தவளைக்கும் மீனுக்கும் வாத்துக்கும் வாழ்வு. அங்கே வில்லோ மரத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். லெங்கா அப்படித் துளிர்க்காது. தேங்கிய தண்ணீரில் வேர் மூச்சுத் திணறி, கடிபடாத மரமும் நின்றபடியே செத்துப்போகும். இன்று தியெரா டெல் ஃபுவேகோவின் பள்ளத்தாக்குகளில் ஓடை இருந்த இடத்தில் குளம். குளத்தைச் சுற்றிப் பட்டை உரிந்து சாம்பல் பூத்த மரங்கள். பீவர் விட்டுப்போன குளம் வற்றினால் புல்தான் மண்டுகிறது. லெங்கா கன்று எளிதில் தலைகாட்டுவதில்லை.

பீவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை அங்கே கொண்டுபோய் விட்டது மனிதன். ஆனாலும் அதை அகற்றத்தான் வேண்டும் என்பேன், மனம் கனத்துத்தான். அர்ஜென்டினாவும் சிலியும் 2008இல் அதற்கு உடன்பாடு செய்துகொண்டன. வேலை லேசானதல்ல. இரண்டு வயதானதும் குட்டிகள் தாய்வீட்டைவிட்டு வேறு ஓடை தேடிக் கிளம்பும். ஒரு பள்ளத்தாக்கைச் சுத்தமாக்கினாலும், பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு ஜோடி வந்தால் போதும், அடுத்த அணை எழும்பிவிடும்.