பனியில் ஓடும் வண்டிக்குக் கடிவாளம் எங்கே இருக்கிறது?

கனடாவின் கியூபெக், அமெரிக்காவின் மினசோட்டா, அலாஸ்கா, ஃபின்லாந்தின் வடகோடி போன்ற இடங்களில் ஆண்டில் பல மாதங்கள் நிலமே பனிக்குள் புதைந்து கிடக்கும். அங்கே வாழ்பவர்களுக்கு ஸ்னோமொபில் என்ற பனி வண்டி, நமக்கு மோட்டார் சைக்கிள் மாதிரி. பின்பக்கம் அகலமான ரப்பர் பட்டை சுழன்று வண்டியைத் தள்ளும். முன்பக்கம் சக்கரங்களுக்குப் பதில் இரண்டு ஸ்கீகள் இருக்கும். ஹேண்டலைத் திருப்பினால் ஸ்கீகள் திரும்பும். ஆனால், ஸ்கீ திரும்பிவிட்டால் வண்டியும் திரும்பிவிடும் என்று சொல்ல முடியாது. பனி வண்டியில் சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வண்டி பிறந்த கதை துயரமானது. கியூபெக்கின் வால்கோர் ஊரைச் சேர்ந்த மெக்கானிக் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி வந்தது. பாதையெல்லாம் பனி மூடியிருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. பிள்ளை இறந்துவிட்டான். பனியில் ஓடும் வண்டியை உருவாக்க ஏற்கனவே முயன்றுகொண்டிருந்த பொம்பார்டியே, 1937இல் பல்சக்கரமும் பட்டையும் கொண்ட தன் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஓரிருவர் ஏறிப்போகும் சிறிய வண்டியான ஸ்கீ-டூ 1959இல் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே ஃபின்லாந்தின் சாமி மக்கள் கலைமான் மந்தைகளை மேய்க்க இத்தகைய வண்டிகளைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

அன்றிலிருந்து இன்றுவரை எஞ்சின் எவ்வளவோ மாறிவிட்டது. திருப்பும் வேலை மட்டும் இன்னும் ஸ்கீயின் அடியில்தான் நடக்கிறது.

இன்றைய ஸ்கீகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனவை. வழுவழுப்பான பிளாஸ்டிக் இறுகிய பனியில் நன்றாகச் சறுக்கும். ஆனால் அதற்குப் பிடிமானம் கிடையாது. அதனால் ஒவ்வொரு ஸ்கீயின் அடியிலும் ஓர் இரும்புக் கம்பியைப் பொருத்தி, அதன் நடுப்பகுதியில் சில அங்குல நீளத்துக்கு டங்ஸ்டன் கார்பைட் துண்டைப் பற்றவைக்கிறார்கள். ஹார்ட்வேர் கடையில் கான்கிரீட் துளைக்க வாங்கும் டிரில் பிட்டின் நுனியில் இருப்பதும் இதே கார்பைட்தான். சாதாரண இரும்பைவிடப் பலமடங்கு கடினமானது. ஆனால் கல்லில் ஓங்கி மோதினால் சில்லு தெறித்துவிடும். இதன் கூரான விளிம்பு பனியையும் ஐஸையும் கீறிப் பிடித்துக்கொள்வதால்தான் வண்டி வளைகிறது. இரண்டாள் சேர்ந்தாலும் தூக்கச் சிரமமான கனமுள்ள வண்டிக்கு அந்தச் சிறு விளிம்புதான் கடிவாளம்.

அந்த விளிம்பு தேய்ந்துவிட்டால் என்ன ஆகும்? ஹேண்டலை முழுவதும் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். காட்டுப் பாதைகள் பல இடங்களில் குறுகலானவை, இரு திசையிலும் வண்டிகள் வருபவை. வளைவில் வண்டி திரும்பாவிட்டால் முன்னால் இருப்பது மரமாக இருக்கும், இல்லையென்றால் எதிரே வரும் இன்னொருவராக இருக்கும். பனி மெலிந்த இடத்தில் ஓட்டுவதும், தார்ச் சாலையைக் கடப்பதும், சரளைக்கல்மேல் போவதும் கார்பைடைச் சீக்கிரம் தின்றுவிடும்.

ஆகவே வண்டி சொன்னபடி கேட்கவில்லை என்றால் முதலில் கடைக்கு ஓடத் தேவையில்லை. எஞ்சினை நிறுத்தி, முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, கையுறையோடு கம்பியைத் தடவிப் பார்ப்பார்கள். விளிம்பு மழுங்கியிருக்கிறதா, கம்பி வளைந்திருக்கிறதா? வளைந்த கம்பி வண்டியை ஒரு பக்கமாக இழுக்கும். பிறகு ஸ்கீயைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். மூட்டுகளில் ஆட்டம் இருந்தால் அதைச் சரிசெய்யும்வரை வேறெந்த அளவும் நிற்காது.

அடுத்தது அலைன்மெண்ட். காருக்குச் செய்வது போலத்தான், ஆனால் இதற்கு இயந்திரம் வேண்டாம், ஒரு நீண்ட நேர்கோல் போதும். ஹேண்டலை நேராக வைத்து, இரண்டு ஸ்கீ நுனிகளையும் இழுவை ரப்பர் கயிற்றால் சேர்த்துக் கட்டி, மூட்டுகளின் தளர்வை எடுத்துவிட வேண்டும். நேர்கோலைப் பின்பட்டையின் பக்கவாட்டில் ஒட்டி முன்னே நீட்டி, அதிலிருந்து கார்பைட் கம்பியின் முன்முனைக்கும் பின்முனைக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்கீயின் ஓரத்தை நம்பி அளந்தால் கணக்குத் தப்பும். பெரும்பாலான வண்டிகளில் ஸ்கீகளின் முன்பக்கம் லேசாக வெளிநோக்கி, ஏறக்குறைய 3 முதல் 6 மில்லிமீட்டர் விரிந்திருக்க வேண்டும். சரியான எண் அந்தந்த மாடலின் கையேட்டில் இருக்கும். நுனிகள் உள்நோக்கி இருந்தால் இரண்டு ஸ்கீகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். வண்டி அலைபாயும், கம்பியும் வீணாகத் தேயும். திருப்புத் தண்டின் நட்டைத் தளர்த்தி, தண்டைச் சுழற்றி, அளவு வந்ததும் மறுபடி இறுக்கினால் வேலை முடிந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் வண்டி இடமும் வலமுமாக வெடுக்கென்று இழுக்கிறதா? தோட்டத்துச் செம்மண் சாலையில் லோரிச் சக்கரம் பதித்த பள்ளத்தில் மோட்டார் சைக்கிள் சக்கரம் விழுந்தால் எப்படி இழுக்குமோ, அதேதான். முன்னே போன வண்டிகளின் கார்பைட் கீறிய தடத்தில் இந்தக் கம்பியும் விழுந்து, அது போகிற போக்கில் போகிறது. இதற்கென்றே ஒரு ஸ்கீக்கு இரண்டு விளிம்புகள் கொண்ட இரட்டைக் கம்பி விற்கிறது. ஒற்றைத் தடத்தில் அது எளிதில் சிக்காது. ஸ்கீக்கும் அதைத் தாங்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் கட்டை நசுங்கிப் போயிருந்தாலும் இப்படி இழுக்கும். அதை மாற்றுவது மலிவான வேலை. பலர் அதைப் பார்க்காமலேயே விலை கூடிய கம்பியை வாங்கிவிடுகிறார்கள்.

அடுத்து எடை. கம்பி எவ்வளவு கூராக இருந்தாலும் அதன்மேல் பாரம் இறங்காவிட்டால் பனியைக் கடிக்காது. பின்பட்டைக்குள் இருக்கும் சஸ்பென்ஷனின் முன்பகுதியில், இடுப்பு பெல்ட் மாதிரி துளைகள் உள்ள ஒரு பட்டை இருக்கும். அதை ஒரு துளை குறைத்தால் ஸ்கீமேல் பாரம் கூடி, வண்டி நன்றாகத் திரும்பும். கூடவே ஹேண்டல் கனக்கும், பின்பட்டையின் உந்துதலும் சற்றுக் குறையும். அதனால் ஒரு தடவைக்கு ஒரு துளைதான் மாற்ற வேண்டும். ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. இரண்டு மூன்று மாற்றங்களை ஒரே நாளில் செய்தால் எது குணம் தந்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

பெரிய கார்பைட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பும் ஆபத்தானது. முன்பக்கம் அளவுக்கு மீறிக் கடித்தால் கைகள் ஓய்ந்துவிடும், வளைவில் உள்பக்க ஸ்கீ தூக்கிக்கொள்ளும். மறுபுறம், ஐஸில் வழுக்காதிருக்கப் பின்பட்டையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆணிகளை அடித்துவிட்டு முன்னால் பழைய கம்பியையே விட்டுவைத்தால், பின்பக்கம் தள்ளுகிற வேகத்தில் முன்பக்கம் திரும்பவே மறுக்கும். பின்னால் ஆணியைக் கூட்டினால் முன்னால் கார்பைடையும் கூட்ட வேண்டும். மலைப்பகுதியின் ஆழமான தூள்பனியில் ஓட்டுபவர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. அங்கே கீறுவதற்கு இறுகிய தளமே கிடையாது. ஸ்கீயின் அகலமும், ஓட்டுபவர் உடலைச் சாய்ப்பதும்தான் வண்டியைத் திருப்புகின்றன.

புதுக் கம்பி மாட்டினால், முதல் ஓட்டம் முடிந்ததும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். வண்டியைக் கொட்டகைக்குள் அப்படியே தள்ளினால் சிமெண்டுத் தரையும் கீறலாகும், கார்பைடும் மழுங்கும். அதனால் பலர் ஸ்கீகளுக்கு அடியில் சிறு சக்கரப் பலகைகளை வைத்து உருட்டிக்கொண்டு போகிறார்கள்.