புயலுக்கு அப்புறம் கோடாலியை யார் எடுக்கிறது?

டெல்டா பசங்களுக்கு நவம்பர் வந்தாலே ரெண்டு பயம். ஒண்ணு செமஸ்டர், இன்னொண்ணு புயல். 1952 நவம்பர், 1977 நவம்பர், 2018 நவம்பர்னு நாகப்பட்டினம் கரையை அது தேடி வந்த மாசம் இதுதான். கஜா மறந்திருக்காது. 2018 நவம்பர் 16 அதிகாலையில நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்தது. விடிஞ்சு பார்த்தா பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் பாயை விரிச்ச மாதிரி படுத்துக் கிடந்தன. பல கிராமங்கள்ல வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மெஷின் ரம்பம் வச்சிருந்தவங்க விரல் விட்டு எண்ணுற அளவுதான். பல தெருக்களையும் வாசல்களையும் திறந்தது வீட்டுக் கோடியில் துருப்பிடிச்சுக் கிடந்த கோடாலியும் அருவாளும்தான்.

அடுத்த புயலுக்கு நீங்களும் என்.எஸ்.எஸ். பனியனை மாட்டிக்கிட்டுக் கிளம்புவீங்க. நல்ல விஷயம். ஆனா நம்மில் பாதிப் பேர் கோடாலியை சினிமாவில்தான் பார்த்திருக்கோம். காத்து அடங்கினதும் ஆபத்தும் அடங்கிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு வெட்டப் போறதுதான் பிரச்சினை. நின்ன மரத்தைவிட விழுந்த மரம் மோசமானது, அதுக்குள்ள விசை அடைஞ்சு கிடக்கு. அந்த விசையைப் பத்தி நாம மூணாவது செமஸ்டர்லயே படிச்சாச்சு. அங்கே போறதுக்கு முன்னாடி கருவிகளைப் பார்ப்போம்.

எதுக்கு எது

மரத்தை ஒரு வைக்கோல் கட்டா நினைச்சுக்கோங்க. நீளவாக்கில் நார் நாரா அடுக்கி, பசை போட்டு ஒட்டினது. நாருக்கு நடுவுல பிளக்கிறது சுலபம், நாரைக் குறுக்கே அறுக்கிறது கஷ்டம். எந்த வேலைக்கு எந்தக் கருவின்னு முடிவு பண்றது இந்த ஒரு விஷயம்தான்.

கோடாலி அடிப்படையில் ஓர் ஆப்பு. நாரோட போக்கில் அடிச்சா மரம் வாய் பிளந்துடும், அதனால விறகு பிளக்க அதை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனா அடிமரத்தைக் குறுக்கே துண்டாக்கணும்னா கோடாலி நிறையச் சக்கையை வீணடிக்கும். நேரா தொண்ணூறு டிகிரியில் அடிச்சா துள்ளித் திரும்பும். இந்தப் பக்கம் சாய்ச்சு ஒரு வெட்டு, அந்தப் பக்கம் சாய்ச்சு ஒரு வெட்டுன்னு 'வி' மாதிரி வாய் எடுத்துக்கிட்டே போகணும். மரம் எவ்வளவு தடிமனோ, அந்த வாயும் ஏறக்குறைய அவ்வளவு அகலம் வேணும். முதல் தடவை வெட்டுறவங்க குறுகலா ஆரம்பிச்சுட்டு, பாதியில் கோடாலி சிக்கிக்கிட்டு முழிக்கிறது இதனாலதான்.

ரம்பம் அப்படி இல்லை, சில மில்லிமீட்டர் அகலத்துக்குத்தான் தூள் எடுக்குது. குறுக்கே அறுக்க அதுதான் சரி. ஆனா அதுக்கு ஒரு பலவீனம் உண்டு, மரம் வாயை மூடினா ரம்பம் உள்ளேயே மாட்டிக்கும்.

அருவாள் இருக்கே, அது கையளவு கிளை வரைக்கும்தான். மணிக்கட்டுக்கு மேல தடிமன் இருந்தா கீழே வச்சுட்டு ரம்பத்தை எடுங்க. முனை வளைஞ்சிருக்கிறது அழகுக்கு இல்லை. கிளையைக் கொக்கி மாதிரி இழுத்துப் பிடிக்கவும், முனை நேரா கல்லுல போய்ப் படாம இருக்கவும்தான். திருப்பாச்சேத்தி அருவாள்னதும் 2005-ல வந்த விஜய் படம் ஞாபகம் வர்ற தலைமுறைக்கு ஒரு தகவல்: நாட்டுப் பட்டறைகள்ல நல்ல அருவாள் பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிச்சதுதான். வளைஞ்சு கொடுத்தும் உடையாத எஃகு அது. பளபளன்னு பெயின்ட் அடிச்ச தகரத்தைவிட எவ்வளவோ மேல்.

கோடாலியோட உயிர் பிடியில்

எல்லாரும் கூர்மையைத்தான் பார்ப்பாங்க. நீங்க முதல்ல பிடியைப் பாருங்க. நம்ம பக்கம் கருவிப் பிடிக்கு நாட்டுக் கருவேலம் பேர் போனது. கனமா, உறுதியா இருக்கும், சட்டுனு பிளக்காது. நார் ஓட்டம் பிடியோட இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஓடணும். நடுவுல சாய்ஞ்சு பக்கவாட்டில் வெளியேறினா ஒருநாள் அந்த இடத்துலயே ஒடியும், முனை எங்கே பறக்கும்னு சொல்ல முடியாது. முடிச்சு இருந்தாலும் வேண்டாம்.

தலை ஆடுதா? பலரும் செய்யுறது, ராத்திரி முழுக்கத் தண்ணி வாளியில் ஊறப் போடுறது. காலையில் கெட்டியாத்தான் இருக்கும். ஆனா மரம் ஊதும்போது இரும்பு வளையத்துக்குள்ள நார் நசுங்குது, காய்ஞ்சதும் முன்னைவிடச் சின்னதாகி இன்னும் அதிகமா ஆடும். புது ஆப்பு அடிச்சு இறுக்குறதுதான் சரியான வழி.

எடை எவ்வளவு? 'அரை எம் வி ஸ்கொயர்' ஞாபகம் வச்சுக்கோங்க. எடை ரெண்டு மடங்கானா ஆற்றல் ரெண்டு மடங்கு, வேகம் ரெண்டு மடங்கானா நாலு மடங்கு. மூணு கிலோ கோடாலியைத் தூக்கவே மூச்சு வாங்குதுன்னா அதில் வேகமும் வராது, குறியும் தப்பும். புதுசா பழகுறவங்களுக்கு ஒன்றரை கிலோ தலை தாராளம். ஜிம் பாடி காட்டுற இடம் இது இல்ல பாஸ்.

கிளை கழிக்கும்போது ஒரே விதி. மரத்துக்கு இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் கிளை. நடுவுல அடிமரமே உங்க காலுக்குக் கேடயம். அடியிலிருந்து நுனியை நோக்கி வெட்டிக்கிட்டே போங்க. கிளைக்கும் மரத்துக்கும் நடுவுல இருக்கிற கவட்டையில் அடிக்காம, கிளையோட அடிப்பக்கத்துலேர்ந்து அடிங்க. கவட்டையில் அடிச்சா மரம் தாறுமாறா கிழியும். ஹவாய் செருப்போட யாரும் வரக்கூடாது. இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.

ரம்பத்துல கவனிக்க வேண்டியது

பல் வரிசையை முனையிலேர்ந்து பாருங்க. ஒரு பல் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம்னு மாறி மாறிச் சாய்ஞ்சிருக்கும். அதனாலதான் வெட்டு வாய் தகட்டைவிட அகலமா அமையுது, ரம்பம் உரசாம ஓடுது. சாய்வு தேய்ஞ்சு போன ரம்பத்தை எவ்வளவு தீட்டினாலும் பச்சை மரத்துல சிக்கும். தச்சர்கள் வச்சிருக்கிற சின்னப் பல் ரம்பம் காய்ஞ்ச பலகைக்கு. பச்சை மரத்துக்குப் பெரிய பல்லும், தூள் தங்க ஆழமான இடைவெளியும் வேணும். பிசின் ஒட்டினா மண்ணெண்ணெய் துணியால துடைங்க.

ரெண்டு பேர் இழுக்கிற நீள ரம்பம் கிடைச்சா அதிர்ஷ்டம். ஆனா ரெண்டு பேரும் இழுக்க மட்டும்தான் செய்யணும், தள்ளவே கூடாது. ஏன்னு ஆய்லர் சொல்லிட்டுப் போயிட்டார். நீளமான, மெல்லிசான எதையும் அழுத்தினா வளையும். தள்ளுறவன் தன் நண்பனுக்கு உதவி பண்றதா நினைச்சுத் தகட்டை நெளிய வைக்கிறான்.

இப்போ எஸ்.ஓ.எம்.

விழுந்த மரம் ஒரு பீம். ரெண்டு முனையும் எதுமேலயோ தாங்கி, நடுவுல தொங்குதா? அப்போ மேல்பக்கம் அழுத்தம், கீழ்ப்பக்கம் இழுவிசை. மேலேர்ந்தே முழுசா அறுத்தா பாதி வழியில் வாய் மூடி ரம்பத்தைக் கவ்விக்கும். அதனால மேலே மூணுல ஒரு பங்கு மட்டும் அறுத்துட்டு, மிச்சத்தைக் கீழேர்ந்து மேல்நோக்கி அறுக்கணும். துண்டு கீழே விழும், அதனால கால் அங்கே இருக்கக் கூடாது.

ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை அந்தரத்துல நீட்டிக்கிட்டு இருக்கா? அது கான்டிலீவர், எல்லாம் தலைகீழ். மேலே இழுவிசை, கீழே அழுத்தம். முதல்ல கீழே மூணுல ஒரு பங்கு, அப்புறம் மேலேர்ந்து. அவசரப்பட்டு மேலேர்ந்தே ஆழமா அறுத்தா மரம் நீளவாக்கில் பிளந்து எகிறும், நெஞ்சுல அடிக்கிற அளவு வேகத்தோட. சுருக்கமாச் சொன்னா, அழுத்தம் இருக்கிற பக்கம் கொஞ்சமா ஆரம்பிச்சு, இழுவிசை இருக்கிற பக்கத்துல முடிக்கணும். வெட்டு வாய்க்குப் பின்னாலேயே ஒரு மர ஆப்பைச் செருகிக்கிட்டு வந்தா ரம்பம் மாட்டாது.

பக்கவாட்டில் வில்லா வளைஞ்ச மரம்னா, வளைவோட உட்பக்கம் நின்னு வெட்டுங்க. விடுபட்டதும் அது வெளிப்பக்கமாத்தான் உதறும். பெரிய மரத்துக்கடியில் மாட்டி வளைஞ்சு கிடக்கிற கட்டை விரல் தடிமன் கிளைகூடக் கண்ணைப் பறிச்சிடும்.

எல்லாத்தைவிடப் பயங்கரமானது வேர். வேரோட பெயர்ந்த மரத்துல, வேர்ப்பந்து மண்ணோட சுவர் மாதிரி எழும்பி நிக்கும், அது பிடுங்கின இடத்துல பள்ளம் இருக்கும். அடிமரத்தை நீங்க துண்டிச்ச நொடி, அந்த எடை விலகி, வேர்ப்பந்து டமால்னு பழைய இடத்துக்கே போய் உட்காரலாம். பள்ளத்துல குழந்தைங்க விளையாடிக்கிட்டு இருப்பாங்க, இல்லைன்னா யாராவது அதுக்குள்ள இறங்கி வேர் வெட்டிக்கிட்டு இருப்பாங்க. அறுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பள்ளத்தை எட்டிப் பாருங்க. வெட்டி முடியுற வரைக்கும் அங்கே ஒருத்தரைக் காவலுக்கு நிறுத்துங்க.

அதுக்கும் முன்னாடி மேலே பாருங்க. மரத்துல மின்கம்பி சிக்கியிருந்தா கருவியையே எடுக்காதீங்க. ஊர்ல கரண்ட் இல்லைங்கிறது ஆறுதல் இல்லை. எவரோ ஜெனரேட்டர் போட்டாலும் கம்பியில் மின்சாரம் திரும்பி வரலாம். மின்வாரிய ஆள் வந்து சொல்லட்டும்.

தென்னை தனிச் சாதி

தென்னைக்கு ஆண்டு வளையம் கிடையாது. புல் குடும்பத்துக்கு நெருக்கம், ஒருவித்திலைத் தாவரம். வெளி ஓரம் இரும்பு மாதிரி, நடுப்பகுதி பஞ்சு மாதிரி. இதுவும் நம்ம பாடம்தான். வளைவைத் தாங்குறதுல நடு அச்சுக்குப் பக்கத்துல இருக்கிற பொருளுக்குப் பெரிய வேலை இல்லை, அதனால பலத்தை எல்லாம் ஓரத்துல வச்சிருக்கு. கிட்டத்தட்ட ஒரு குழாய். முத்தின தென்னையில் முதல் சில அடிக்குக் கோடாலி துள்ளும், ஓட்டைத் தாண்டினதும் திடீர்னு உள்ளே இறங்கும். அந்த இடத்துலதான் நிலை தடுமாறுவீங்க. நார் ரம்பப் பல்லை அடைச்சுக்கும், சீக்கிரம் மழுங்கவும் செய்யும். அதனால அரம் கையிலேயே இருக்கட்டும்.

விழுந்த தென்னையை அப்படியே போட்டு வைக்கவும் முடியாது. மட்கிற தண்டுல காண்டாமிருக வண்டு முட்டையிடும். சில மாசத்துல வெளியே வர்ற வண்டு, புயல்ல தப்பிச்ச மரங்களோட குருத்தைக் குடையும். பத்து வருஷமா வளர்த்த தோப்புல மிச்சம் நிக்கிற பத்து மரத்தையும் ஒரு விவசாயி இழக்கிறது இப்படித்தான். அதனால தோப்பைச் சுத்தம் பண்ணிக் கொடுக்கிறதுங்கிறது பார்வைக்கு அழகா இருக்கணும்னு செய்யுற வேலை இல்லை.

சீமைக் கருவேலத்துக்குக் கோடாலி எடுத்துக்கிட்டுப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. வெட்டினா அது சாகாது, கட்டையிலேர்ந்து பத்து கிளையாத் துளிர்க்கும். கடப்பாரை, மண்வெட்டியோட போய் வேரைத் தோண்டி எடுக்கணும். மழை பெய்ஞ்சு மண் இளகின பிறகு போனா பாதி உழைப்பு மிச்சம்.

கண்ட மரத்தையும் வெட்டிடவும் முடியாது. புறம்போக்கு மரத்துக்கு வருவாய்த்துறை அனுமதி வேணும். கல்லணைக் கால்வாய் கரையில் நிக்கிற தேக்கு வனத்துறையோடது, விழுந்து கிடந்தாலும் அது நம்ம விறகு இல்லை. கோடியக்கரை சரணாலயத்துக்குள்ள அருவாளோட நுழையுற யோசனையே வேண்டாம்.

கூரும் கடையும்

மழுங்கின கருவிதான் காயப்படுத்தும். அது மரத்துல பதியாம வழுக்கும், நீங்களும் கோபத்துல இன்னும் வேகமா வீசுவீங்க. கோடாலிக்குத் தட்டை அரம், ரம்பத்துக்கு முக்கோண அரம். சாணைச் சக்கரத்துல பிடிக்கக் கொடுத்தா பக்கத்துலயே நில்லுங்க. அடிக்கடி தண்ணியில் தோய்க்கணும். விளிம்பு நீலமா மாறிச்சுன்னா சூடு 300 டிகிரியை எட்டிடுச்சுன்னு அர்த்தம். அந்த இடத்துல பதம் போச்சு, இனிமே கூர் நிக்காது. மெட்டலர்ஜி லேப்ல டெம்பரிங் கலர் சார்ட் பார்த்தோமே, அதேதான். கூர்ப்பகுதியோட மொத்தக் கோணம் 25-லேர்ந்து 30 டிகிரி இருந்தா பொதுவேலைக்குச் சரி. புளி, வேம்பு மாதிரி கெட்டி மரம்னா கொஞ்சம் தடிமனா விடுங்க. சவரக்கத்தி மாதிரி மெலிசாக்கினா விளிம்பு பொரிஞ்சிடும்.

வாங்கும்போது பையில் ஒரு சின்ன அரம் கொண்டு போங்க. கடைக்காரர் முறைச்சாலும் பரவாயில்லை. விளிம்புல லேசா ஓட்டிப் பாருங்க. கண்ணாடி மேல ஓடுற மாதிரி வழுக்கினா எஃகு ரொம்பக் கடினம், உடையும். வெண்ணெய் மாதிரி அள்ளிக்கிட்டு வந்தா மென்மை, ஒரே மரத்துல மழுங்கிடும். கொஞ்சம் எதிர்ப்போட பிடிச்சா எடுத்துக்கலாம். அப்புறம் கோடாலியைத் தலைகீழாப் பிடிச்சு, பிடியோட அடியிலேர்ந்து ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க. கூர்விளிம்பு பிடியோட நடுக்கோட்டுல நேரா நிக்கணும். கோணலா இருந்தா அங்கேயே கழட்டி மாட்டித் தரச் சொல்லுங்க, வீட்டுக்கு வந்தப்புறம் நம்மால ஆகாது.