குடல் இடும் கட்டளை

1902 ஜனவரி 16. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வுக்கூடத்தில் மயக்க மருந்து கொடுத்துக் கிடத்திய ஒரு நாய். அதன் சிறுகுடலில் ஒரு பகுதிக்குப் போகும் நரம்புகளை எல்லாம் வெட்டிவிட்டு, ரத்தக்குழாய்களை மட்டும் விட்டுவைத்தார்கள் வில்லியம் பேலிஸும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும். அந்தப் பகுதிக்குள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்தியதும் கணைய நீர் சொட்டத் தொடங்கியது. நரம்பே இல்லாமல் கணையத்துக்குச் சேதி எப்படிப் போனது? ஸ்டார்லிங் குடலின் உட்சவ்வைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, நாயின் கழுத்துச் சிரையில் ஏற்றினார். கணையம் மறுபடியும் சுரந்தது!

செரிமானத்தை நரம்புகளே ஆள்கின்றன என்று ரஷ்யாவில் பாவ்லோவ் சொல்லிவந்த காலம் அது. அவருடைய ஆய்வகமும் இந்தச் சோதனையைச் செய்து பார்த்து ஒப்புக்கொண்டது. உடலியல் வரலாற்றில் இவ்வளவு எளிமையும் தெளிவும் கொண்ட சோதனைகள் குறைவு என்பேன்.

ரத்தத்தில் கலந்து போய்க் கணையத்தைத் தூண்டிய பொருள்தான் செக்ரெடின். 27 அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைட் ஹார்மோன். இரைப்பையின் அமிலக் கூழ் முன்சிறுகுடலில் இறங்கியதும் இது சுரக்கும். கணையம் பைகார்பனேட் நிறைந்த நீரைக் கொட்டி அமிலத்தை முறிக்கும். அமிலம் முறியாவிட்டால் கணைய நொதிகளால் சரியாக வேலை செய்ய முடியாது. கூழில் கொழுப்போ புரதமோ இருந்தால் கோலிசிஸ்டோகைனின் வரும். அது பித்தப்பையைச் சுருக்கி, கணைய நொதிகளை வரவழைத்து, மூளைக்கும் 'போதும்' என்று சொல்லும்.

குளுக்கோஸை டிரிப்ஸில் ஏற்றுவதைவிட வாய்வழியே கொடுத்தால் இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது. ஜிஐபி, ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோன்கள் கணையத்தை முடுக்குவதே காரணம். ஜிஎல்பி-1 ரத்தத்தில் ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். அதைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பவைதான் சர்க்கரை நோயாளிகள் பலர் விழுங்கும் கிளிப்டின் மாத்திரைகள். எளிதில் சிதையாதபடி மாற்றியமைத்த ஜிஎல்பி-1தான் வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைட் ஊசி.

இந்த ஊசி இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துவதால் குமட்டலும் வாந்தியும் வரலாம். அரிதாகக் கணைய அழற்சியும் வரக்கூடும். உடல் இளைக்க வேண்டும் என்று மருத்துவரைக் கேட்காமல் இதைப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஊசி போடுபவர்களுக்கு மேல்வயிற்றில் கடும் வலி எடுத்து முதுகுக்குப் பரவினால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.