தடை விழுந்தால் கதவு திறக்கும்: ஒரு கணக்கு

நான் இருக்கும் கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் 2025–26 பருவத்தின் மலேசிய சூப்பர் லீக்கில் ஆடிய 13 அணிகளில் பகாங் அணி இல்லை. 2025 ஏப்ரல் 26 அன்று ஸ்ரீ பகாங் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜொகூரிடம் 2–1 எனத் தோற்றது. அடுத்த சில வாரங்களில் லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது. 2013, 2014 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அதே கிண்ணத்தைத் தூக்கிய அணி அது. பேராக்கும் விலகியது. கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. மூன்று மாநிலங்களின் ஆட்டக்காரர்களும் ஒரே நேரத்தில் பெட்டி கட்டினார்கள்.

இப்படி நடக்கும்போதெல்லாம் காப்பிக்கடையில் ஒரு பேச்சு எழும்: கப்பல் ஆடினால் போதும், இவர்கள் குதித்துவிடுவார்கள், விசுவாசம் கிடையாது என்று. விசுவாசத்தை நிறுக்க என்னிடம் தராசு இல்லை. பணத்தையும் ஆண்டுகளையும் நிறுக்கலாம். பகாங் தானாக விலகியது; அதில் தண்டனை இல்லை. தண்டனை விழுந்து, ஆட்டக்காரர்கள் பிரிந்து, ரூபாய்க் கணக்கும் முழுசாகக் கிடைக்கும் வழக்கு தமிழர்களுக்குத் தெரிந்த ஒன்றுதான்: ஐபிஎல் கிரிக்கெட்டின் சென்னை சூப்பர் கிங்ஸ்.

2015 ஜூலை 14 அன்று நீதிபதி லோதா குழு சென்னை, ராஜஸ்தான் இரண்டு அணிகளையும் ஈராண்டு நிறுத்தி வைத்தது. 2013 சூதாட்ட விவகாரத்தின் விளைவு. சென்னை அணியின் நிர்வாகத்தில் இருந்த குருநாத் மெய்யப்பனுக்கு வாழ்நாள் தடை. ஆட்டக்காரர்கள் மீது அந்தத் தீர்ப்பு கை வைக்கவில்லை. அவர்களை என்ன செய்வது? இரண்டு ஆண்டுக்கு மட்டும் இரண்டு புது அணிகள் உருவாயின: புனே, ராஜ்கோட் (குஜராத் என்ற பெயரில் ஆடியது). உரிமைக்கு நடந்த ஏலமே விசித்திரம். ஒவ்வோர் அணிக்கும் இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஆண்டுக்குத் தரவேண்டிய பங்கு 40 கோடி ரூபாய் என்று வைத்து, யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கு அணி. புனேவை எடுத்தவர்கள் கேட்டது கழித்தல் 16 கோடி, ராஜ்கோட்டை எடுத்தவர்கள் கழித்தல் 10 கோடி. அதாவது பங்கும் வேண்டாம், மேலே காசும் தருகிறோம் என்றார்கள். தடை பெற்ற அணியின் ஆட்டக்காரர்களை வைத்து நடத்துவதற்கு இவ்வளவு கிராக்கி.

டிசம்பர் 15 அன்று தேர்வு. பட்டியலில் 50 பேர். ஒவ்வோர் அணியும் ஐந்து பேரை வரிசையாக எடுக்கலாம். முதல் ஆளுக்கு 12.5 கோடி, பிறகு 9.5, 7.5, 5.5, 4. இரண்டு அணிக்கும் சேர்த்து 78 கோடி. எடுக்கப்பட்ட பத்துப் பேரில் ஏழு பேர் சென்னைக்காரர்கள், அவர்கள் கணக்கில் விழுந்தது 57.5 கோடி. அந்த ஏழு பேருக்கு 2014இல் சென்னை தன் பணப்பையிலிருந்து கழித்த தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் (கோடி ரூபாயில்):

தோனி, புனே: 12.5 → 12.5
ரெய்னா, குஜராத்: 9.5 → 12.5
ஜடேஜா, குஜராத்: 5.5 → 9.5
அஸ்வின், புனே: 7.5 → 7.5
மெக்கல்லம், குஜராத்: 3.25 → 7.5
பிராவோ, குஜராத்: 4 → 4
டூ பிளெஸ்ஸி, புனே: 4.75 → 4
மொத்தம்: 47 → 57.5

பத்தரைக் கோடி ஏற்றம், நூற்றுக்கு 22 பங்கு. ஏழு பேரில் ஒருவருக்குத்தான் இறக்கம், அதுவும் 75 லட்சம். தடை விழுந்தது அணியின் மேல். விலை ஏறியது ஆட்டக்காரர்களுக்கு. ரெய்னாவும் ஜடேஜாவும் தோனியின் நிழலில் இரண்டாம், நான்காம் ஆளாக இருந்தவர்கள். இன்னோர் அணிக்குப் போனதும் முதலாளாகவும் இரண்டாம் ஆளாகவும் ஆனார்கள். மிச்சம் 40 பேர் 2016 பிப்ரவரி ஏலத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு இப்படி உத்தரவாதம் எதுவும் இல்லை. சுத்தி விழுந்தால் உண்டு, விழாவிட்டால் இல்லை.

அப்படியானால் தண்டனையின் செலவு எங்கே போனது? சென்னையின் சேப்பாக்கம் மைதானத்துக்குப் போனது. ஓர் அணிக்கு ஆண்டுக்கு ஏழு உள்ளூர் லீக் ஆட்டங்கள், இரண்டு ஆண்டுக்குப் பதினான்கு. அந்தப் பதினான்கும் சென்னையின் கணக்கில் வராமலே போயின. டிக்கெட் கிழிப்பவர், கொடி விற்பவர், பட்டாபிராமன் வாசல் பக்கம் சுண்டல் விற்பவர் எவரும் எந்தச் சூதாட்டத்திலும் குற்றம் சாட்டப்படவில்லை.

2018இல் தடை முடிந்தது. ஏழு பேரில் ஐந்து பேர் திரும்பினார்கள்: தோனி 15, ரெய்னா 11, ஜடேஜா 7, பிராவோ 6.4, டூ பிளெஸ்ஸி 1.6. கூட்டினால் 41 கோடி. இதே ஐந்து பேருக்கு 2016இல் கணக்கிட்டது 42.5 கோடி. இடையில் ஓர் அணியின் பணப்பை 66 கோடியிலிருந்து 80 கோடிக்குப் பெருத்திருந்தது. ஆனாலும் திரும்பி வந்ததில் ஒன்றரைக் கோடி குறைவு. ஓடிப்போனவன் காசுக்காக ஓடினான் என்று சொல்பவர்கள், திரும்பி வந்த கணக்கையும் எழுதிக்கொள்ள வேண்டும். அஸ்வினை 7.6 கோடிக்குப் பஞ்சாப் எடுத்தது. அவர் மறுபடி மஞ்சள் சட்டை போட 2024 நவம்பர் ஏலம் வரை ஆனது, விலை 9.75 கோடி.

கல்லூரிகள் ஆடும் அமெரிக்கக் காற்பந்தில் (நாம் ஆடும் காற்பந்து அல்ல) கணக்கு இன்னும் கறாராக இருந்தது. இந்த வழக்குகள் நடந்த காலத்தில் அங்கே சரக்கு பணம் அல்ல, ஆண்டு. ஒரு மாணவருக்கு ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம் ஆடலாம், அவ்வளவுதான் விதி. நெடுங்காலமாக, ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஓர் ஆண்டு வெளியே உட்கார வேண்டியிருந்தது. பழைய பயிற்சியாளர் அனுமதி கொடுத்தால்தான் புதிய கல்லூரி பேசவே முடியும். எந்தெந்தக் கல்லூரிக்குப் போகக்கூடாது என்றும் அவர் சொல்லலாம். அந்த அனுமதி முறை 2018 அக்டோபர் வரை இருந்தது.

ஆனால் கல்லூரியின் மேல் பெரிய தண்டனை விழுந்தால் பூட்டு திறக்கும். 1987 பிப்ரவரி 25 அன்று டல்லஸின் தெற்கு மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் அந்த ஆண்டுப் பருவத்தையே ஆட்டச் சங்கமான என்சிஏஏ ரத்து செய்தது. 13 ஆட்டக்காரர்களுக்கு மறைவாகக் கொடுத்த பணம் சுமார் 61,000 டாலர். விலை: ஒரு முழுப் பருவம், நான்கு ஆண்டில் 55 உதவித்தொகை இடங்கள், அடுத்த பருவத்தின் உள்ளூர் ஆட்டங்கள். 1988ஐப் பல்கலைக்கழகமே கைவிட்டது. ஆட்டக்காரர்கள் உட்காராமல் மாறலாம் என்றதும், மற்றக் கல்லூரிக்காரர்கள் வளாகத்துக்குள்ளேயே வந்து ஆள் பிடித்தார்கள். 1989இல் திரும்பிவந்த அணி 2 வெற்றி, 9 தோல்வி. அதற்குப் பிறகு 2008 வரை தோல்வியைவிட வெற்றி கூடிய பருவம் ஒன்றே ஒன்று, 1997.

2010இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு ஈராண்டு இறுதிக்கட்டப் போட்டித் தடை, மூன்று ஆண்டில் 30 உதவித்தொகை இடங்கள் பறிப்பு. அங்கே விதி வெளிப்படையாகவே ஒரு வகுத்தல் கணக்காக வந்தது: எவருடைய மிச்ச ஆண்டுகள் தடைக்காலத்துக்குள் முடிந்துவிடுமோ, அவர் மட்டும் உட்காராமல் மாறலாம். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் கதவு திறந்தது, முதலாண்டு மாணவருக்கு இல்லை. தடை இரண்டு, மிச்சம் இரண்டு என்றால் இழப்பு முழுசு. மிச்சம் நான்கு என்றால் பாதி. ஏன் போகிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதிலை நான் பார்த்ததில்லை.

பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வழக்கில் இந்தக் கணக்கு எல்லாருக்கும் முழு இழப்பாகத் தெரிந்தது. 2012 ஜூலை 23: 6 கோடி டாலர் அபராதம், நான்காண்டு இறுதிக்கட்டத் தடை, உதவித்தொகை 85இலிருந்து 65, 112 வெற்றிகள் அழிப்பு. எல்லாரும் மாறலாம் என்றார்கள். நான்கை நான்கால் வகுத்தால் எவருக்கும் மிச்சம் இல்லை. அணியே காலியாக வேண்டும். ஆனால் அந்தக் கோடையில் போனவர்கள் ஒன்பது பேர்தான். பெயர்பெற்றவர் சைலஸ் ரெட், முந்தைய பருவத்தில் 1,241 யார்டு ஓடியவர். தடை தீர்ந்த அதே தென் கலிபோர்னியாவுக்குப் போனார். அங்கே அவர் ஓடியது 905 யார்டு. பருவத் தொடக்கத்தில் நாட்டில் முதலிடம் என்று மதிப்பிடப்பட்ட அந்த அணி 7–6 என முடிந்தது. அவர் விட்டுவந்த பென் ஸ்டேட் 8–4. தடையும் நான்காண்டு நீடிக்கவில்லை. 2014 செப்டம்பரில் நீக்கினார்கள். அந்த டிசம்பரிலேயே பென் ஸ்டேட் ஓர் இறுதிக்கட்ட ஆட்டத்தில் 31–30 என வென்றது. தண்டனைத் தாளில் நான்கு, நடைமுறையில் இரண்டு. போனவர் கணக்கு தப்பு என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். 2012இல் முடிவெடுத்தவர் கையில் இருந்த எண் நான்குதான்.

இன்னொரு பக்கம், தீர்ப்புக்கே காத்திராமல் போனவர்கள் உண்டு. 2021 ஜனவரியில் டென்னசி பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளர் ஜெரமி புரூயிட்டை விதிமீறலுக்காக நீக்கியது. உடனே ஹென்ரி தோஓதோஓ அலபாமாவுக்கு, எரிக் கிரேயும் வான்யா மோரிஸும் ஓக்லஹோமாவுக்கு என்று அணி கலைந்தது. என்சிஏஏ தீர்ப்பு வந்தது 2023 ஜூலை 14 அன்று. இடைவெளி 30 மாதம். நான்கு பருவ ஆயுளில் இரண்டரை ஆண்டு காத்திருந்து தண்டனை என்ன என்று பார்ப்பதற்கு எவருக்கும் வசதி இல்லை. வந்த தீர்ப்பில் 18 பெருங்குற்றங்கள், 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம், ஆனால் இறுதிக்கட்டத் தடை இல்லை. குற்றத்தில் பங்கில்லாத மாணவரின் பருவத்தைப் பறிப்பது நியாயமில்லை என்ற பக்கம் சங்கம் சாய்ந்திருந்தது. 2025 ஆகஸ்ட்டில் மிச்சிகனுக்கும் அப்படித்தான்: காற்பந்து வரவுசெலவில் பத்தில் ஒரு பங்கு உட்பட பெரும் அபராதம், தடை இல்லை. 2021 முதல் ஒருமுறை, 2024 முதல் எத்தனை முறையும் உட்காராமல் மாறலாம் என்று ஆனபின், கதவைத் திறக்கத் தண்டனை தேவைப்படவும் இல்லை.

தண்டனை ஆட்டக்காரர் மேலேயே விழுந்தால் கணக்கு தலைகீழ். 2025 செப்டம்பர் 26 அன்று மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு ஃபிஃபா விதித்தது 350,000 சுவிஸ் பிராங்க். போலி ஆவணங்களால் தகுதி பெற்றதாக அது சொன்ன ஏழு ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு 2,000. பணப் பத்தியில் ஏழு பேருக்கும் சேர்த்து 14,000, சங்கத்துக்கு 25 மடங்கு. காலப் பத்தியில் ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு 12 மாதம், மொத்தம் 84 மாதம், சங்கத்துக்குப் பூஜ்யம். பிறகு வழக்கு விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனது. எந்த ஆவணத்தை யார் தயாரித்தார் என்ற கேள்வியை விட்டுவிட்டாலும், தீர்ப்பு வந்த அன்று இந்த ஏழு பேருக்கும் வேறு அணி என்ற வாசலே இல்லை.

மாறும் உரிமையைப் பற்றித் தேயிலை மலையில் இருந்துகொண்டு எழுதும்போது ஆட்டத்தோடு நிறுத்த முடியாது. இலங்கைத் தோட்டங்களில் 1921 வரை துண்டு முறை இருந்தது: கடன் தீர்த்தால் இந்த ஆளை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுத்தால்தான் இன்னொரு தோட்டம் அவரைச் சேர்க்கும். அமெரிக்கப் பயிற்சியாளரின் அனுமதிக்கு இது முன்னோடி என்றே தோன்றுகிறது. கடன் மட்டும் அங்கே உதவித்தொகை என்ற பெயரில் இருந்தது. மலாயாவில் இந்தியரின் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கேமரன் மலையின் போ (Boh) தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியபோது கங்காணிகள் கூட்டிவந்த நம்மவர்கள் சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்பில் விலகலாம். 1938இல் இந்தியா அந்த ஆள் அனுப்புதலை நிறுத்தியது.

இன்று அதே சரிவுகளில் கொழுந்து வெட்டுபவர்களில் பெரும்பகுதி வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தோட்டத் துறைக்கு ஓர் ஆளுக்கு ஆண்டு லெவி 2025 நிலவரப்படி 640 ரிங்கிட், குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 ரிங்கிட். தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்தை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். பெர்மிட்டில் எழுதியிருக்கும் முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம் என்பது பொது விதி. முதலாளிக்குத் தண்டனை விழுந்தால் தொழிலாளி தானாக அடுத்த தோட்டத்துக்குப் போகலாம் என்று 2010இல் தென் கலிபோர்னிய மாணவருக்குக் கிடைத்த மாதிரி ஒரு வரி அதில் கிடையாது. மோசமான குடியிருப்புக்கு அபராதம் அரசாங்கத்துக்குப் போகும். அதே குடியிருப்பில் இருந்தவர், பெரும்பாலும் பெர்மிட் முடியும்வரை அதே முதலாளியிடம் இருப்பார், இல்லையென்றால் ஊருக்கு விமானம் ஏறுவார்.