மின்கம்பத்தை நாடாத இரு நாள்கள்

"வெள்ளம் வருமுன் அணை போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. அவ்வாக்கை விளையாட்டுப்போலவே செயற்படுத்திக் காட்டும் மக்கள் கூட்டமொன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் உண்டு. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தின் நான்காவது சனி ஞாயிறுகளில் அவர்கள் தத்தம் வீடுகளை விட்டு, பூங்காக்களுக்கும் திடல்களுக்கும் குன்றின் உச்சிகளுக்கும் செல்கின்றனர். அங்கே கூடாரம் அடித்து, மரங்களுக்கிடையே கம்பி கட்டி, கண்காணாத மனிதரோடு இரவும் பகலும் வானொலி வழியே பேசுகின்றனர். 'ஃபீல்டு டே' எனப்படும் இக்களநாள் 1933-இல் தொடங்கியது. அமெரிக்க ரேடியோ ரிலே லீக் என்னும் சங்கம் இதனை நடத்துகிறது. 30,000-க்கும் மேற்பட்டோர் இதில் பங்கு பெறுகின்றனர்.

இவர்கள் யாவர்? ஊதியம் கருதாது, தேர்வெழுதி அரசின் உரிமம் பெற்று, சொந்தக் கருவியால் செய்தி அனுப்பவும் பெறவும் வல்ல அமெச்சூர் வானொலியர். 'ஹாம்' என்பது இவர்தம் செல்லப்பெயர். ஒவ்வொருவருக்கும் தனித்தனி அழைப்புக்குறி உண்டு. நம் நாட்டிலும் மத்திய அரசு இவ்வுரிமத்தை வழங்குகிறது. நம்மவர் குறிகள் பொதுவாக 'வி.யு.' என்னும் எழுத்துகளோடு தொடங்கும்.

களநாளின் நடைமுறையைச் சற்று நோக்குவோம். கவணால் கயிற்றை எறிந்து உயர்ந்த கிளையில் மாட்டி, ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள கம்பியை ஏரியலாகக் கட்டுகின்றனர். மின்கலம், சூரிய ஒளித்தகடு, சிறு ஜெனரேட்டர் ஆகியவற்றால் கருவிகளை இயக்குகின்றனர். நமக்குச் சனிக்கிழமை இரவு 11.30 மணியாகும் வேளையில் அங்கே அழைப்புகள் தொடங்கும். ஒருவர் அழைக்க, மற்றவர் தம் குறியையும், தம் நிலையத்தின் வகையையும், தம் வட்டாரத்தையும் கூறுவார். இருவரும் ஏட்டில் பதிவர். அரை நிமிடத்திற்குள் யாவும் முடிந்துவிடும். பின்னர் அடுத்த குரலைத் தேடுவர். இரவில் சிலர் உறங்க, சிலர் விழித்திருந்து முறைமாற்றிக்கொள்வர். புதியவர்க்கென ஒரு கருவியைத் தனியே வைத்து, பழகியவர் அருகமர்ந்து கற்றுத்தருவதும் உண்டு.

மதிப்பெண் வழங்கும் முறை நம் சிந்தனைக்குரியது. குரலால் பெறும் தொடர்புக்கு 1 மதிப்பெண். மோர்ஸ் குறியீட்டால் பெறுவதற்கு 2. நம் தந்தி அலுவலகங்களில் ஒரு காலத்தில் 'கட்டுக் கடகட' என ஒலித்ததே, அதே குறியீடுதான். நம் நாட்டின் தந்திச் சேவை 2013-இல் நிறைவுற்றது. மோர்ஸோ இவர்களிடம் இன்றும் வாழ்கிறது. மேலும், மின்கலம் அல்லது சூரிய ஒளியைக் கொண்டு 5 வாட்டுக்கு மிகாத ஆற்றலால் பேசுவோர்க்குத் தொடர்பு மதிப்பெண் ஐந்து மடங்காகப் பெருகும். நம் இல்லங்களில் 'ஜீரோ வாட்' என்று வழங்கிய பழைய இரவு விளக்கைவிடக் குறைந்த ஆற்றல் அது! உரக்கக் கூவுவோரினும் கூர்ந்து கேட்போரே இங்கு முந்துகின்றனர்.

இத்தனையும் எதற்கு? நம் கைப்பேசி பேசவேண்டுமாயின் கோபுரமும், கம்பியும், மின்சாரமும், இணைப்பகமும் ஒருங்கே இயங்கவேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கைப்பேசி ஊமையாகிவிடும். வானொலியர் இருவருக்கிடையே உள்ளதோ வானம் ஒன்றே. ஆயினும், கருவி இருந்தால் மட்டும் போதாது. மின்கலம் நள்ளிரவில் தீர்ந்துபோதல், கயிறு போதாமை, மழைநீர் கூடாரத்துள் புகுதல் ஆகிய குறைகள் யாவும் களநாளில் வெளிப்படுகின்றன. பயிற்சியன்று வெளிப்பட்டால் சிரித்துத் திருத்திக்கொள்ளலாம். புயலன்று வெளிப்பட்டால் யாது செய்ய இயலும்?

ஆபத்துக் காலத்தில் இக்கலை எத்துணை உதவும் என்பதை நம் நாடே கண்டுள்ளது. 2004 டிசம்பரில், தொலைநாட்டு வானொலியரோடு தொடர்புகொள்ளும் முயற்சிக்காக, பாரதி பிரசாத் என்னும் பெண்மணி ஒரு சிறு குழுவோடு அந்தமானின் போர்ட் பிளேர் நகரில் தங்கியிருந்தார். (அந்நகர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்.) கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் காலை நிலம் நடுங்கியது, ஆழிப்பேரலை எழுந்தது, தொலைபேசித் தொடர்பு அறுந்தது. பொழுதுபோக்கிற்காகக் கொண்டுசென்ற அக்கருவிகளே தீவுகளுக்கும் தாய்நாட்டிற்கும் இடையே செய்திப் பாலமாயின. தம் உறவினர் உயிரோடிருக்கின்றனரா என ஏங்கியோர்க்கு அக்குரல் வழியே விடை கிடைத்தது. பல்லாண்டுப் பழக்கமே அன்று கைகொடுத்தது.

அன்பு வாசகர்களே, நாம் அனைவரும் வானொலியராக இயலாது. ஆயினும் நம் இல்லத்திற்கும் ஒரு களநாள் வேண்டாமா? மழைக்காலத்திற்கு முன் ஒரு ஞாயிறு மாலை, கைப்பேசிகளை அணைத்துவிட்டுக் குடும்பத்தோடு அமருங்கள். மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி உள்ளதா? கைவிளக்கு எரிகிறதா? முக்கிய எண்கள் தாளில் எழுதப்பட்டுள்ளனவா? பிரிய நேர்ந்தால் எவ்விடத்தில் கூடுவது எனப் பிள்ளைகள் அறிவரா? தனியே வாழும் முதிய தாயிடம் யார் நடந்து சென்று பார்ப்பது? இவற்றிற்கு விடை காண ஒரு மணி நேரம் போதும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்குவோம்.