வருமுன் காக்கும் ஊசி

பேசாலையிலோ தலைமன்னாரிலோ ஆறாந் தரத்தில் பயிலும் சிறுமி, தடுப்பூசிக்கான சம்மதக் கடிதத்துடன் வீடு திரும்பும்போது, “நோயற்ற பிள்ளைக்குப் புற்றுநோய் ஊசி எதற்கு?” என்று தாய் தயங்குவது இயல்பே. ஆனால், பிள்ளை நோயற்றிருக்கும் காலமே அவ்வூசிக்குரிய காலமாகும்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பெரும்பாலும் பப்பிலோமா என்னும் வைரசினால் விளைகிறது. இதனைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் 2008ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார்.

தடுப்பூசியில் உயிருள்ள வைரசு இல்லை; அதன் புறவுறையை ஒத்த புரதமே உண்டு. அதனை எதிர்கொள்ளும் வெண்குருதிக் கலங்கள் பிறபொருளெதிரிகளை ஆக்குகின்றன. அவற்றுட் சில, பகைவனின் உருவை நெடுங்காலம் நினைவிற் கொள்கின்றன. பின்னர் மெய்யான வைரசு வருங்கால், அது உடற் கலங்களைப் பற்றுமுன்னரே தடுக்கப்படுகிறது. ஏற்கெனவே பற்றிய வைரசை இவ்வூசி அகற்றாது. ஆதலினாற்றான் இளமையிலேயே இடல் வேண்டும். புயல் எழுமுன் வள்ளத்தைக் கரையேற்றும் மன்னார்க் கடற்றொழிலாளர்க்கு இவ்வுண்மை புதிதன்று.

இலங்கை அரசாங்கம் 2017ஆம் ஆண்டில் இத்தடுப்பூசியைப் பாடசாலைச் சிறுமியர்க்கு, ஆறு மாத இடைவெளியில் இரு முறையாக, வழங்கத் தொடங்கிற்று. எனினும், இந்நோயை விளைக்கும் எல்லா வைரசு வகைகளையும் அது தடுப்பதன்று. ஆகவே, மகளுக்காகக் கையொப்பமிடும் தாய், 35 வயதையொட்டித் தானும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை செய்துகொள்வது இன்றியமையாதது.